விசையில் கட்டிய கம்பி

ரிவர்ட்டன்,
ஜனவரி 24, 1993

வால்டி,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனது. அடுப்பைக் கூடப் பற்ற வைக்கவில்லை. ஏரிப் பனியில் துளை போடும் மெஷின், பக்கத்து வீட்டு ஸ்டெய்னி கொண்டுவந்து போட்ட மூலையிலேயே எட்டு நாளாகக் கிடந்தது. அதில் ரத்தம் இருக்கும் என்று பயந்து இத்தனை நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ரத்தம் இல்லை. ஆனால் துடைக்கலாம் என்று வலது கைப்பிடியைத் தூக்கியபோது, ஆக்சிலேட்டர் விசையைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி. விசையை முழுக்க அழுத்திக் கைப்பிடியோடு சேர்த்து நாலு சுற்று சுற்றி, முறுக்கிக் கட்டியிருந்தது. அறுத்து எடுத்தேன். இந்த உறைக்குள் இருப்பது அதுதான். உன் பொருள் உன்னிடமே இருக்கட்டும்.

போனில் பேசினால் கத்துவேன். உன் சுரங்கத்து விடுதியில் தாழ்வாரத்துக்கு ஒரே போன், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள் என்று நீயே சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் வழக்கம்போல நானும் ஏரிக்குப் போயிருந்தேன். புது வலை போடுவதற்காக, பனிக்கு அடியில் கயிறு கொண்டுபோகும் பலகையின் சத்தத்தைக் கேட்டபடி மேலே நடந்துகொண்டிருந்தேன். டொக், டொக் என்று அது நகர்வது எனக்குத்தான் நன்றாகக் கேட்கும், அது நின்ற இடத்தை நான் சொன்னால்தான் அங்கே அடுத்த துளை, உனக்குத் தெரியும். நூறு அடி தள்ளி ரூனி, இரண்டு நாள் முன்பு போட்ட துளையைத் திறந்துகொண்டிருந்தான். மெஷின் எங்கேயாவது சிக்கினால் ஆள் விசையை விடுவான், என்ஜின் சத்தம் இறங்கும். சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் முறை அதைக் கேட்டிருக்கிறோம். அன்று சத்தம் இறங்கவில்லை. ஏறியது. நான் திரும்பிப் பார்த்தபோது பனியைக் குடையும் திருகு துளைக்குள் சிக்கி நின்றுவிட்டது, என்ஜின் நிற்கவில்லை. திருகுக்குப் பதிலாகக் கைப்பிடி சுற்றியது. கைப்பிடியோடு என் கணவனும் சுற்றினான்.

முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. வின்னிபெக் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்வதற்காகக் காபிக்குச் சர்க்கரையைக்கூட விட்டவன். அவனுக்கு இது.

டிசம்பர் முழுக்க அந்த மெஷினைப் பிடித்தது நீ. வாங்கிக்கொண்டு வந்ததும் நீ. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கையில், நான் கேக்குக்குப் பிளம் பழம் அரைத்துக்கொண்டிருந்தபோது, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாய். "அங்க சம்பளம் நல்லா இருக்கு" என்றாய். போகிறவன் நீ கட்டிய கம்பியை அவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஹெர்டிஸ்

*

தாம்ப்சன்,
ஜனவரி 30

அக்கா,

கம்பி வந்து சேர்ந்தது. அறையில் கூட இருப்பவன் உறையைத் தடவிப் பார்த்து, "என்னடா, மோதிரமா?" என்று கேட்டான். எங்க அக்கா அனுப்பிய ஆசீர்வாதம் என்றேன்.

நான் கட்டவில்லை. விசையைக் கட்டுகிறவன் முட்டாள். நான் பல வகையில் முட்டாள், அந்த வகையில் இல்லை.

கம்பியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முனையைப் பார். இடுக்கிப் பல் பதிந்திருக்கிறது. மெல்லிய கம்பி. அதை முறுக்க நான் இடுக்கி எடுத்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? இதற்கு மேல் என்னைக் கேட்காதே. சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் கேட்கிறேன். பழைய துளையை மெஷினால் ஏன் திறந்தார்? அந்த மெஷினில் இருப்பது சீவுகிற பிளேடு. புதுப் பனியில் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். பாதி உறைந்த பழைய துளையில் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். வாங்கிவந்த அன்றே உங்கள் சமையலறையில் நின்று சொன்னேன். அப்பா காலத்திலிருந்து பழைய துளைக்குக் கடப்பாரைதான். நீயும் தலையாட்டினாய்.

பிளேடைக் கழற்றிப் பார். விளிம்பில் சில்லு போயிருந்தால் யாரோ மெஷினைத் தரையில் தட்டியிருக்கிறார்கள். பிளேடில் பனி ஒட்டினால்தான் தட்டத் தோன்றும். சூடான இடத்தில் வைத்து எடுத்தால்தான் பனி ஒட்டும். குளிர்காலம் முடியும்வரை அது குளிரிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது என்று உன்னிடமும் சொன்னேன், ரூனியிடமும் சொன்னேன், ஸ்டெய்னியிடம் சத்தமாகச் சொன்னேன்.

பார்த்துவிட்டு எழுது. அப்புறம் திட்டு.

வால்டி

*

ரிவர்ட்டன்,
பிப்ரவரி 6

வால்டி,

கழற்றிப் பார்த்தேன். இரண்டு திருகாணிகளும் உறைந்து கிடந்தன, விரல் முட்டியில் தோல் போனது. ஒரு பிளேடின் ஓரத்தில் அரிசி அளவுக்குச் சில்லு போயிருக்கிறது. திருகின் கூர்முனையும் லேசாக வளைந்திருக்கிறது.

உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும், எழுதுகிறேன்: வெள்ளிக்கிழமை மாலை அதைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், உள்ளே கொண்டுவந்து வைத்தது நான்தான். அந்த வாரம் முழுக்க ரூனி மெஷினைக் கிளப்ப இருபது தடவை கயிற்றை இழுத்தான். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு அவன் கையிலிருந்து நழுவி நழுவிப் போனது. பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாகிவிட்டது, ஒரு ராத்திரி வீட்டுச் சூட்டில் இருந்தால் சரியாகும் என்று நினைத்தேன். படித்தவளின் புத்தி. மறுநாள் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தி இரண்டு. ஏரிக்குப் போய் இறக்கியதும் பிளேடு முழுக்கப் பனி. அவன் இரண்டு முறை தட்டியது எனக்குக் கேட்டது. நான் பலகையின் பின்னால் போய்விட்டேன்.

இது என் பங்கு. நான் மறைக்கவில்லை. நீ உன் பங்கைச் சொல்.

எதற்காக இந்தச் சீவுகிற பிளேடு? நம்மிடம் இருந்தது கொத்திப் பெயர்க்கிற பிளேடு வைத்த பழைய மெஷின். இரைச்சல்தான், கனம்தான், கை அதிரும்தான். ஆனால் புதுத் துளை, பழைய துளை, மண் கலந்த பனி, எதையும் தின்னும். பதினாலு வருஷம் உழைத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நகரத்துக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் போகிறவர்கள் வாங்குகிற பளபளப்பான சாமானை வாங்கி வந்தாய். மீன் கிடங்கில் எல்லாரும் சிரித்தார்கள். "என்ன வாத்தியாரம்மா, ஏரியில துளை போடப் போறீங்களா, கேரட் சீவப் போறீங்களா?" என்று கேட்டார்கள். பழைய மெஷின் இருந்திருந்தால் அது அந்தத் துளையில் சிக்கியிருக்காது. இதற்கு உன் பதில் என்ன?

இடுக்கித் தடத்தைப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெய்னியைக் கேட்டேன். "கம்பியா? என் மூக்கே எனக்குக் கண்ணாடி போட்டாதான்மா தெரியும்" என்றார்.

ஹெர்டிஸ்

*

தாம்ப்சன்,
பிப்ரவரி 12

அக்கா,

நீயே எழுதியிருக்கிறாய். கனம், இரைச்சல், கை அதிர்ச்சி.

புது மெஷினை அழுத்த வேண்டாம். தன் கனத்திலேயே இறங்கும். பழையதில் பாதிதான் அதிரும். அதற்காகத்தான் வாங்கினேன். எனக்காக வாங்கவில்லை.

போதும். இதோடு நிறுத்துகிறேன்.

வால்டி

*

ரிவர்ட்டன்,
பிப்ரவரி 18

வால்டி,

உன் நாலு வரிக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்காக வாங்கவில்லை என்கிறாய். மெஷினைப் பிடிக்கிறவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான்.

பிறகு கம்பியை எடுத்து என் விரலாலேயே முறுக்கிப் பார்த்தேன். குழந்தைகூட முறுக்கும். இதற்கு இடுக்கி யாருக்கு வேண்டும்?

நேற்று சாயங்காலம் காபி போட்டேன். இரண்டு கோப்பை. நடுவில் கட்டிச் சர்க்கரைக் கிண்ணம். ரூனியின் வலது கை கட்டோடு கழுத்தில் தொங்குகிறது, இடது கைதான் மேசைமேல் இருந்தது.

"சர்க்கரை எடுத்துக்கோ."

"விட்டுட்டேனே, தெரியாதா உனக்கு?"

"முப்பது வருஷமா பல்லுல கட்டியைக் கடிச்சுக்கிட்டு காபி குடிச்சவன் நீ. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு. எடு."

"டிஸா, வேண்டாம்."

"எடு, ரூனி."

எடுத்தான். எடுக்கப் பார்த்தான். விரல்கள் கட்டியைத் தொட்டன, ஆனால் தொட்டது அவற்றுக்குத் தெரியவில்லை. கட்டி நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது. மூன்றாம் தடவை கிண்ணமே கவிழ்ந்தது. அவன் உள்ளங்கையால் மேசையிலிருந்த சர்க்கரையை எல்லாம் கூட்டி ஒரு குவியலாக ஒதுக்கினான், ஏதோ அதைச் செய்யத்தான் கையை நீட்டியவன் போல.

"குளிருக்கு அப்படித்தான் ஆகும்."

"அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்திருக்கே. என்ன குளிரு?"

குவியலை இன்னும் கொஞ்சம் தள்ளி ஒதுக்கினான்.

"எத்தனை நாளா?"

"இது மூணாவது குளிர்காலம். முதல்ல நுனி மட்டும் வெள்ளையாப் போச்சு. அப்புறம் திரும்பி வரும், எரியும். இப்ப சில நாள் வரதே இல்ல. கிளினிக்குல கேட்டேன். மெஷின் அதிர்ச்சியும் குளிரும் சேர்ந்து பண்றதாம். போன உணர்ச்சி திரும்பாதாம்."

"கம்பி?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "கட்டைவிரல் விசையை அழுத்திக்கிட்டு இருக்கா, இல்லையான்னு எனக்கே தெரியல, டிஸா. கண்ணால பாத்தாதான் தெரியுது. விசையைப் பாத்துக்கிட்டே துளை போட முடியுமா? நடுவுல நின்னு நின்னு போகும். அதான் கட்டினேன்."

"கடப்பாரை என்ன ஆச்சு? பழைய துளைக்குக் கடப்பாரைதானே?"

"அதைப் பிடிச்சா நழுவுது. ரெண்டு தடவை ஏரிக்குள்ளயே போயிருக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சட்டைக்குப் பட்டன் போட்டு விடுவே."

வால்டி, நான் எழுந்து நின்றேன். நான் கத்தியது ஸ்டெய்னி வீட்டு நாய்க்குக் கேட்டிருக்கும், அதுவும் குரைத்தது. "ஆமா, போட்டு விடுவேன்! தினம் போட்டு விடுவேன்! அதுல என்ன கேவலம்? கை முறிஞ்சு இப்ப பட்டன், பெல்ட்டு, ஷூ எல்லாம் நான்தானே போட்டு விடறேன்? இப்ப கௌரவமா இருக்கா?"

அவனுடைய பழைய கம்பளிக் கோட்டுக்குப் பதிலாக ஜிப் வைத்த கோட்டை ஏன் வாங்கினான் என்று அப்போதுதான் உறைத்தது. போன வருஷத்திலிருந்து சாயங்காலத்தில் வலை பின்னாமல், கண் சரியில்லை என்று ரேடியோ கேட்டது ஏன் என்று உறைத்தது. மெஷினின் கயிறு அவன் கையிலிருந்து ஏன் நழுவியது என்று. பெட்ரோலாம்! ஒரு வாரம் முழுக்க ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, மெஷினுக்குக் குளிர்கிறது என்று நினைத்தவள் நான்.

கடைசியாகக் கேட்டேன். "வால்டிக்குத் தெரியுமா?"

"அவன்கிட்ட அக்டோபர்ல சத்தியம் வாங்கினேன். அவனைத் திட்டாதே."

திட்டாமல் என்ன செய்ய? அக்டோபர். மூன்று மாதம் என் மேசையில் உட்கார்ந்து, என் ரொட்டியைத் தின்று, என் எதிரிலேயே ஒருத்தருக்கொருத்தர் கண்ஜாடை காட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவனுடைய கையில் உணர்ச்சி இல்லை. உனக்கு என்ன இல்லை?

ஹெர்டிஸ்

*

தாம்ப்சன்,
பிப்ரவரி 25

அக்கா,

சத்தியம் உடைந்துவிட்டது, நான் உடைக்கவில்லை. இனி சொல்கிறேன்.

அக்டோபரில் படகைக் கரையேற்றிய அன்று சொன்னார். கையை நீட்டிக் காட்டினார். மெழுகுவத்தி மாதிரி இருந்தது. "லேசா வெட்டுற மெஷின் ஒண்ணு பாரு. டிஸாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். பார்த்தேன். நாலு கடை ஏறினேன். எடை குறைவானது, அதிர்ச்சி குறைவானது, விசை மிருதுவானது, எல்லாம் பார்த்து அதைத்தான் எடுத்தேன். நீ கேரட் சீவுவது என்று கேலி பண்ணுகிற அந்தப் பிளேடு அவருடைய விரலுக்காகத் தேடியது. புதுத் துளைக்கு மெஷின், பழைய துளைக்குக் கடப்பாரை, கடப்பாரை என் வேலை என்று பேசிவைத்துக்கொண்டோம். டிசம்பரில் ஒரு பழைய துளையில்கூட மெஷின் இறங்கவில்லை. பாதி நாள் மெஷினையும் நான்தான் பிடித்தேன்.

இருபதாம் தேதி கம்பியைப் பார்த்தேன். அவிழ்த்து ஏரியில் எறிந்தேன். மறுநாள் வேறு கம்பி. ஏரி நடுவில் சண்டை. ஒன்று அக்காவிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் வர மாட்டேன் என்றேன். "அப்ப போ" என்றார். போனேன்.

சம்பளத்துக்காகப் போனேன் என்று நினைக்கிறாய். நான் இல்லாமல் அவரால் ஏரிக்குப் போக முடியாது, வீட்டில் உட்கார்ந்தால் நீ காரணம் கேட்பாய், சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துப் போனேன். எழுபது வயது ஸ்டெய்னியைக் கூட்டிக்கொண்டு போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் தப்பு. அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் ஒன்று. நான் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அவரை வீட்டில் உட்கார வைத்திருப்பாய். ஏரி இல்லாமல் அவர் என்ன ஆவார் என்று உனக்கே தெரியும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், கிழித்துப் போட்டாலும் சரி. மூன்று குளிர்காலம் அதே மேசையில் எதிரே உட்கார்ந்தவள் நீ. சர்க்கரை, பட்டன், வலை, எல்லாம் உன் கண்ணுக்கு முன்னால். எனக்கு அவர் சொன்னதால் தெரிந்தது. உனக்குப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும்.

வால்டி

*

ரிவர்ட்டன்,
மார்ச் 3

வால்டி,

ஆமாம். வீட்டில்தான் உட்கார வைத்திருப்பேன். முறியாத இரண்டு கையோடு உட்கார வைத்திருப்பேன்.

நீ எழுதிய கடைசிப் பத்தியை நான் கிழிக்கவில்லை. அதை நான் உனக்கு முன்னாலேயே எனக்கு எழுதிக்கொண்டுவிட்டேன், தினமும் எழுதுகிறேன். வகுப்பில் முப்பது பிள்ளைகளில் எவன் பொய் சொல்கிறான் என்று பின்னால் திரும்பி நின்றபடியே கண்டுபிடிப்பவள் என்று எனக்குப் பெயர். அதற்காக நீ தப்பிக்க முடியாது. நான் பார்க்காதது ஒன்று. நீ பார்த்துவிட்டு வாயை மூடியது வேறு ஒன்று.

என்னைவிட அவனை நன்றாகத் தெரியும் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தீர்கள். அவனுக்கு எது நல்லது, எனக்கு எது தெரியலாம், எல்லாம் நீங்களே பேசி முடித்துவிட்டீர்கள். என்னைச் சனிக்கிழமைகளில் பலகைச் சத்தம் கேட்க மட்டும் கூட்டிப் போனீர்கள். காது நல்ல காது, வேறு எதற்கும் அது வேண்டாம்.

எழுதாதே கொஞ்ச நாள்.

ஹெர்டிஸ்

*

தாம்ப்சன்,
மார்ச் 9

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நேற்று ரூனி போன் பண்ணினார். நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். கட்டு பிரித்தாகிவிட்டது, வர சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஏரிக்குப் போகப் போகிறேன் என்றார். இன்னும் இரண்டு வாரம் பனி தாங்கும், பிக்கரல் மீன் நன்றாக விழுகிறது, ஸ்டெய்னி வருகிறேன் என்கிறார் என்றார். "அந்தப் பழைய மெஷின் மாதிரி, கொத்துற பிளேடு வெச்சது ஒண்ணு பாத்து அனுப்பு. அது சிக்காது" என்றார். அப்புறம் அதே வார்த்தை: "டிஸாகிட்ட சொல்லாதே."

"சொல்லுவேன்" என்றேன். போனை வைத்துவிட்டார். இதோ சொல்லிவிட்டேன்.

நான் எதையும் அனுப்பப் போவதில்லை. யோசித்துப் பார்த்தேன். கொத்துகிற பிளேடு சிக்காது, ஆனால் அதிரும். அந்த அதிர்ச்சிதான் அவருடைய விரலைத் தின்றது. சீவுகிற பிளேடு அதிராது, ஆனால் பழைய துளையில் கவ்வும், அதுதான் அவருடைய கையை முறித்தது. எந்த மெஷின் வாங்கினாலும் பிடிக்கிற கைக்கு உணர்ச்சி வேண்டும். சிக்கினால் விடத் தெரிய வேண்டும். இதற்கு ஏற்ற மெஷினை எந்தக் கடையிலும் விற்கவில்லை.

கொட்டகையில் இருப்பதை யாரும் தொடாமல் பூட்டி வை. தொடுவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுத் தொடட்டும். பிளேடு இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஆடும். புது ஜோடி, சமையலறை மேல்தட்டில் நான் வைத்த சிகரெட் டப்பாவில் இருக்கிறது, மெழுகுத்தாளில் சுற்றி. அரத்தை வைத்துத் தீட்ட நினைக்க வேண்டாம், அந்தச் சாய்வு கையால் வராது. டாங்கில் ஜனவரியிலிருந்து கிடக்கிற பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைத் துடைக்க வேண்டும். கம்பி கட்டியதால் விசைக்கு அடியில் இருக்கிற சுருள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதை மாற்றாமல் யாரும் கிளப்பக்கூடாது. விட்ட உடனே விசை எழும்பவில்லை என்றால் கம்பி இல்லாமலேயே கம்பி கட்டிய மாதிரிதான்.

நான் வரட்டுமா?

வால்டி

*

ரிவர்ட்டன்,
மார்ச் 16

வால்டி,

இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

இன்று காலையும் எழுந்ததும் கொட்டகைக்குத்தான் போனேன். உன் கடிதம் வந்ததிலிருந்து அப்படித்தான். ஐந்தரைக்கு எழுந்து, ரூனி எழுவதற்குள் ஒரு மணி நேரம். பள்ளிக்கூடத்து வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவன் நம்புகிறான். இந்த வீட்டில் எல்லாரும் எல்லாரையும் நம்புகிறோம்.

சிகரெட் டப்பாவை எடுத்தேன். பிளேடு இரண்டையும் மாற்றினேன், கட்டைவிரலைக் கீறிக்கொண்டேன், ரத்தம் வந்தபோது அந்த மெஷினில் கடைசியில் ரத்தம் பட்டுவிட்டதே என்று சிரிப்பு வந்தது. திருகை மேசைமேல் உருட்டிப் பார்த்தேன், தண்டு நேர்தான், முனை மட்டும்தான் வளைந்திருந்தது. அதை ரிப்பேர் கடைக்காரர் நேராக்கித் தந்தார். விசைச் சுருளும் அவரிடமே கிடைத்தது. "யாருக்கு வாத்தியாரம்மா, ரூனிக்கா?" என்று கேட்டார். "மெஷினுக்கு" என்றேன். பழைய பெட்ரோலைக் கொட்டினேன். புதுசைக் கலக்கும்போது அளவுக் குப்பியை இரண்டு முறை சரிபார்த்தேன். ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருந்த காலம் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரூனி ஸ்டெய்னி வீட்டில் கதை பேசப் போயிருந்தபோது அதை வண்டியில் போட்டுக்கொண்டு, ஊர்க்காரர்கள் யாரும் போகாத ஆற்று முகத்துக்குப் போனேன். முதல் துளை கோணல். இரண்டாவதில் காலை அகட்டி நிற்கத் தெரிந்தது. மூன்றாவது நேராக இறங்கி, தண்ணீர் பொங்கி மேலே வந்தது. ஒவ்வொரு துளையிலும் நடுவில் வேண்டுமென்றே விசையை விட்டேன். சத்தம் இறங்கியது, திருகு நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி விட்டேன். நின்றது. என் கட்டைவிரலுக்கு அடியில் அந்த விசை எழும்புவது எனக்குத் தெரிந்தது. தடித்த கையுறைக்குள்ளும் தெரிந்தது. அங்கேயே நின்று அழுதேன். துக்கத்தில் என்று நினைக்காதே. ஒரு விசை எழும்புவது தெரியாமல் ஒரு மனிதன் மூன்று குளிர்காலம் இந்த ஏரி மேல் நின்றிருக்கிறான், அதைச் சொல்ல அவனுக்கு நான் கிடைக்கவில்லை. அந்தக் கோபம்.

அவனை வீட்டில் உட்கார வைக்கப் போவதில்லை. நீ எழுதியது அந்த ஒன்றில் சரி. ஏரி இல்லாவிட்டால் அவன் ஜன்னலில் ஒரு சாமான் ஆகிவிடுவான். ஆனால் மெஷினை அவன் இனி தொடப் போவதில்லை. இந்தச் சனிக்கிழமை மட்டும் இல்லை, எந்தச் சனிக்கிழமையும் இல்லை. இனி துளை போடுவது நான். பலகைச் சத்தத்தை அவன் கேட்கட்டும். அவன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருஷமாக என்ஜின் பக்கத்திலேயே நின்றதால் கேட்டுப் பழகவில்லை, அவ்வளவுதான். பனியில் மண்டி போட்டு, தொப்பியை விலக்கி, மூச்சை அடக்கிக் கேட்டால் கேட்கும். தப்பாகச் சொன்னால் இன்னொரு துளை போடுவேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் ஒப்பந்தத்தை நீட்டக் கேட்கும். கையெழுத்துப் போட மாட்டேன். யாராவது இதைத் தியாகம் என்று சொன்னால் கடப்பாரையாலேயே அடிப்பேன். இருபத்தி இரண்டு வருஷம் பிறர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் ஒருவன் கை சாவது எனக்குத் தெரியவில்லை. இனி நான் அவன் கண்முன்னால், அவன் என் கண்முன்னால்.

என் விரலும் ஒருநாள் வெளுக்கலாம். தெரியும். வெளுத்தால் அன்றைக்கே, அந்த மேசையிலேயே சொல்வேன். அதுதான் எனக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்.

வரட்டுமா என்று கேட்டாய். பழைய துளைகளுக்குக் கடப்பாரை பிடிக்க ஆள் வேண்டும், ஸ்டெய்னியால் முடியாது. நான் உன்னைக் கூப்பிடவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை, எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. கடப்பாரை கொட்டகைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இதில் ஒரு வார்த்தைகூட நான் யாரிடமும் சொல்லவில்லை. ரூனியிடம் இல்லை, பள்ளிக்கூடத்தில் இல்லை. உன்னிடமும் இல்லை, ஏனென்றால் இந்தக் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம்தான் தபாலில் போகும். அதுவரை என் கோட்டுப் பையில் இருக்கும். நீங்கள் அக்டோபரிலிருந்து மறைத்தீர்கள். நான் நாலு நாள் மறைக்கிறேன்.

சனிக்கிழமை காலை அவன் எழுந்து, ஸ்டெய்னிக்குக் குரல் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் கொட்டகைக்கு வருவான். கதவைத் திறக்கும்போது பனிவண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். மெஷின் என் மடியில் இருக்கும்.

ஹெர்டிஸ்